மாமாவின் கார்டில் கண்டக்டரின் முகம்

திண்டிவனம்,
18.3.2012, ஞாயிறு.

பாசமுள்ள லூர்து மேரி அண்ணிக்கு,

அக்னஸ் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நான், உங்கள் தம்பி, பிரின்சி, அத்தை எல்லாரும் சுகம். மாமா சுகம் என்று எழுத முடியாது. சுகமில்லை என்று எழுதினால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே மாமா வழக்கம்போல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுகத்துக்கும், அண்ணன் சுகத்துக்கும், பிரகாஷின் பிளஸ் டூ பரீட்சைக்கும் இந்தத் தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் வேண்டிக்கொள்கிறேன். பதினான்கு தலத்தில் இயற்பியல் பேப்பருக்கு மட்டும் இரண்டு தலம் ஒதுக்கியிருக்கிறேன்.

புதன்கிழமை நீங்கள் போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை. நீங்கள் "அப்பா" என்று ஆரம்பித்ததும் அழுகிறீர்கள். நீங்கள் அழுதால் அத்தை போனைப் பிடுங்குகிறார். அத்தை போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். அதனால்தான் கடிதம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானமாகப் படியுங்கள்: மாமாவுக்கு ஆபரேஷன் நடக்கும். அரசாங்கத்தின் காப்பீட்டுக் கார்டிலேயே நடக்கும். நீங்கள் கை வளையலைக் கழற்ற வேண்டாம், பொதுத்தேர்வு நேரத்தில் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுத் தலைமை ஆசிரியை வாயில் விழ வேண்டாம், திருச்சியிலிருந்து வர வேண்டாம். இருபது வருஷமாகத் தாலுக்கா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து ஊரார் ஃபாரங்களை எல்லாம் நிரப்பிக் கொடுப்பவள் நான். என் மாமனார் ஃபாரத்தை நிரப்ப எனக்குத் தெரியாதா?

"ஒரு கார்டு வாங்க மூணு வருஷமா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு தப்பு. மூன்று இல்லை, பத்தொன்பது வருஷம். நீங்கள் கல்யாணமாகிப் போனது தொண்ணூற்று இரண்டில். விவாதம் ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்றில். அந்த வருஷம்தான் மாமா, ஆலையின் தற்காலிகத் தொழிலாளிகளுக்கும் இ.எஸ்.ஐ. வேண்டும் என்று ஆலை வாசலில் பந்தல் போட்டு மூன்று நாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அந்த ரூட்டில் கண்டக்டராக இருந்த பாண்டுரங்கன் ஒவ்வொரு டிரிப்பிலும் பந்தலுக்கு எதிரே விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "இன்னா ராயப்பா, மாசாமாசம் சம்பளத்துல புடிச்சிக்கினு செவப்பு மாத்திரை குடுப்பான், அதுக்கா பட்டினி கெடக்கற? அந்தக் காசைக் கையில குடுத்தா எந்த டாக்டராண்ட வேணா போவானே" என்பாராம். மாமா பந்தலிலிருந்து, "இன்னிக்கு நோவு இல்லாதவன் காசுலதான்யா நோவு வந்தவன் பொழைக்கணும், அதான் கணக்கு" என்று எழுந்து பதில் சொல்வதற்குள் வண்டி போய்விடும். அடுத்த டிரிப்பில் விட்ட இடத்திலிருந்து தொடரும். பட்டினியில் மயங்காத மாமா, கடைசி பஸ் போன பிறகு பேச ஆளில்லாமல்தான் சோர்ந்துபோனார் என்று அத்தை இன்றும் சொல்வார்.

இருவரும் ரிட்டயர்டு ஆனதும் இந்த விவாதம் என் கடைக்குப் பக்கத்துக் கடையான முருகையன் சலூனுக்குக் குடிவந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் சவரத்துக்கு வருவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: முகத்தில் நுரை உள்ளவர் பேசக் கூடாது. பேசினால் காது போகும், முருகையன் பொறுப்பில்லை. அதனால் இருவருமே தங்கள் நல்ல பாயிண்டுகளை எல்லாம் சேமித்து வைத்து, எதிராளிக்கு நுரை போட்டதும் அவிழ்ப்பார்கள். நுரைக்குள் இருப்பவருக்குக் கண் மட்டும் கோபப்படும். இரண்டாயிரத்து ஒன்பதில் வந்த காப்பீட்டுத் திட்டம் கண்டக்டரின் கட்சி கொண்டுவந்தது; கார்டைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷன். மாமாவுக்கு நுரை போட்டிருந்த ஒரு நாள் கண்டக்டர் எழுந்து நின்றே பேசினார்: "பணக்காரன் படுக்கற கட்டில்ல ஏழையும் படுக்கறான்யா. கதவைத் தொறந்து வுட்டாச்சு. அது உனக்குப் பொறுக்கலை." அடுத்த முறை கண்டக்டருக்கு நுரை. மாமா அவசரமே படவில்லை. "கட்டிலு யாருது? அவனுது. காசு யாருது? நம்முது. அதே காசுல நம்ம ஜி.எச்.ல கட்டிலு வாங்கிப் போட்டா நாளைக்கும் அது நம்ம கட்டிலு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டினா, வருசம் முடிஞ்சா மறுபடியும் கட்டணும். வாடகை வூட்டுக்கு ஆயுசு பூரா வெள்ளையடிக்கறியா?" நான் இந்தப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கேட்பேன். அவர் பேசும்போது அவர் சரி, இவர் பேசும்போது இவர் சரி. படித்தவள், எனக்கென்று ஒரு கருத்து இருக்க வேண்டாமா என்று வெட்கமாக இருக்கும். பிறகு யோசித்தால், கத்தி கழுத்தில் இருக்கும்போது கேட்கிறவர்கள்தான் முழுசாகக் கேட்கிறார்கள், நான் பாதி காதோடு கேட்கிறேன் என்று தோன்றும்.

அந்த வருஷம் நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும் கேம்ப் போட்டார்கள். கண்டக்டர் உள்ளே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மாமா வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு மேல் ஏறி, வரிசையில் நிற்பவர்களிடம் கட்டில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையின் முறை வந்தது. கேமராக்காரத் தம்பி, "குடும்பத் தலைவர் எங்கம்மா?" என்று கேட்க, அத்தை, "வெளிய உங்களைத்தான் திட்டிக்கினு கீறாரு" என்றிருக்கிறார். தலைவர் முகமும் கட்டை விரலும் இல்லாமல் கார்டு வராது, இன்றோடு கேம்ப் முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். கண்டக்டர் வெளியே ஓடிவந்து கெஞ்சினார்: "ராயப்பா, ஜல்தியா வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போய் அப்பால திட்டுடா." மாமா பெஞ்சிலிருந்து இறங்காமல், "பாருங்க தோழர்களே, கம்பெனிக்கு ஆள் புடிக்க ஆள் வந்துட்டாரு" என்றார். கூட்டம் சிரித்தது.  கண்டக்டர் உள்ளே போய், அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நான்தான் ராயப்பன், எடுப்பா" என்று கட்டை விரலை நீட்டிவிட்டார்.

கேட்டால் அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை, அண்ணி. முப்பது வருஷ சர்வீஸில் ஆயிரக்கணக்கான பஸ் பாஸ் பார்த்தவர். எதிலும் போட்டோவைப் பார்த்ததில்லையாம், தேதியை மட்டும்தான் பார்ப்பாராம். "நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா கையில பாஸ் இருக்கணுமில்லம்மா. மூஞ்சியை எவன் பாக்கப் போறான்?" அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் மாமாவோடு ஒரு போட்டோகூடத் தனியாக எடுத்துக்கொள்ளாதவர், கண்டக்டரோடு அரசாங்கப் போட்டோவில் உட்கார்ந்துவிட்டோமே என்று அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் மூன்று முறை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாராம். "ரொம்ப நேரம் இருமினாரும்மா, பாவம், நெஞ்சு சளி" என்று அத்தை வருத்தப்பட்டார். சாமியார் எதற்கு இருமினார் என்று நான் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது என் பாவம். கார்டு வந்தபோது வாங்கியவள் நான்தான். ராயப்பன் என்று பெயர், கண்டக்டரின் முகம், பக்கத்தில் அத்தை குற்றவாளி மாதிரி. பார்த்தேன், கடையை மூடிவிட்டுச் சிரித்தேன், பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஊரில் எவன் ஃபாரத்தில் ஒரு எழுத்து தப்பினாலும் திரும்ப எழுத வைக்கிறவள், இதை மாற்ற ஒரு மனு எழுதவில்லை. மாமாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசுவார், அந்த நெஞ்சில் அடைப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

போன வருஷம் ஜனவரியில் மேம்பாலம் ஏறும்போது மாமா பாதியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மூன்று அடைப்பு, பைபாஸ் பண்ண வேண்டும் என்றார். அது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கவுண்டரில் நடந்ததை உங்கள் தம்பி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சின்னப்பராஜ் பேசுகிற வார்த்தைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு தந்திக்குக்கூடக் காணாது. புதுச்சேரி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமாவை வீல்சேரில் வைத்துத் தள்ளியது உங்கள் தம்பி, பிளாஸ்க்கைத் தூக்கிவந்தது கண்டக்டர். கவுண்டரில் இருந்த பெண் கார்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கண்டக்டரைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. "ஐயா, பேஷண்ட் நீங்க நடந்து வரலாமா? அந்தப் பெரியவர் எழுந்து உங்களுக்கு வீல்சேர் குடுக்கட்டும்" என்று கண்டக்டரைக் கை காட்டினாள். மெஷினில் மாமாவின் விரலை வைத்தார்கள், ஏற்கவில்லை. ஆசைக்குக் கண்டக்டர் வைத்துப் பார்த்தார், உடனே ஏற்றுக்கொண்டது. இன்னும் கால்மணி நேரம் விட்டிருந்தால் ஒரு குறையுமில்லாத கண்டக்டர் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். மாமா வீல்சேரிலிருந்தே கையைத் தூக்கினார். "ஆஸ்பத்திரின்னா நோயைக் கேக்கும். கம்பெனின்னா மூஞ்சியைக் கேக்கும். இத்தனை வருசமா இதைத்தானேடா சொல்லிக்கினு வர்றேன்." மூன்று அடைப்போடு அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டு, பின் சீட்டு எல்லாருக்கும் விளக்கினார். கண்டக்டர் இரண்டு நாள் சலூனுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நீ அந்தப் பெஞ்சு மேல ஏறாம இருந்திருந்தா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் திருத்தல் மனு எழுதி, நாலு பிரதி எடுத்து, விழுப்புரம் போய்க் கொடுத்தேன். தேர்தல் வருகிறது, முடியட்டும் என்றார்கள். தேர்தல் முடிந்தது. கண்டக்டரின் கட்சி தோற்றது, ஆட்சி மாறியது. அந்தத் திட்டமே போய்விட்டது, புதுத் திட்டம் வரும் என்றார்கள். இந்த இடத்தில்தான், அண்ணி, எனக்கு உலகம் சுற்றியது. மாமாவின் கட்சி ஜெயித்த கூட்டணியில் இருந்ததா, ரிசல்ட்டுக்கு மறுநாள் சலூனில் கண்டக்டர் பேசுகிறார்: "கம்பெனிக்குக் கட்டற காசுக்கு ஜி.எச்.ல கட்டிலு வாங்கிப் போட்டா நாளைக்கும் நம்ம கட்டிலுதானே?" மாமா சொல்கிறார்: "கட்டிலு வாங்கறது கெடக்கட்டும். இன்னிக்கு நெஞ்சு வலிக்கறவன் இன்னா பண்ணுவான்? கதவைத் தொறந்து வுடட்டும்யா." முருகையன் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, "ஐயா, இதை அவருல்ல சொல்வாரு?" என்று கேட்டார். இருவரும் அவரை முறைத்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது, கொள்கையா இது, சட்டையா என்று. பிறகு புரிந்தது: இத்தனை வருஷம் நுரைக்குள் வாய் மூடிக் கேட்டதில் ஒருவர் வாதம் இன்னொருவருக்கு மனப்பாடம். ஒரு பாயிண்ட் விடாமல், சொன்னவரை விட நன்றாகவே சொன்னார்கள்.

ஆனால் அந்த எட்டு மாதம் நம் கையில் எந்தக் கார்டும் இல்லை, அண்ணி. இதை அப்போது உங்களிடம் சொல்லாமல் விட்டேன். மாத்திரையில் ஓடியது. மாமா சலூனுக்கு நடந்து போகும்போது ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று சுவரொட்டி படிக்க ஆரம்பித்தார். மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, நில விற்பனை எல்லாவற்றையும் முழுசாகப் படிப்பார். மூச்சு திரும்பியதும் அடுத்த சுவர். நான் கடையிலிருந்து பார்ப்பேன், பார்க்காத மாதிரி இருப்பேன்.

இந்த ஜனவரியில் புதுத் திட்டம் வந்ததுமே நான் எழுந்துவிட்டேன். வி.ஏ.ஓ. பெரியசாமியிடம் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் போட்டோ. இந்தத் திட்டத்தின் வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட கண்டக்டர், "எனக்கு விழுப்புரத்துல வேற ஜோலி" என்று எங்கள் பஸ்ஸிலேயே ஏறினார். அந்த வேறு ஜோலி, கேமராவுக்கு முன்னால் மாமாவின் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்து உட்கார வைப்பதுதான். "இப்ப எவன் மூஞ்சி வருதுன்னு பாக்கறேன்." அத்தை இந்த முறை புருஷனோடு ஒட்டி உட்கார்ந்து, பற்கள் தெரியச் சிரித்தார். மாமாவின் கட்டை விரலை மெஷின் ஏற்கவில்லை. ஆலையில் தேய்ந்த ரேகை. ஒவ்வொரு விரலாக வைத்து, இடது கை மோதிர விரலில் ஏற்றுக்கொண்டது. மாமா அங்கிருந்த கிளார்க்கிடம், "எந்தத் தனியாருக்கு எங்களை அனுப்பப் போறீங்க?" என்று சண்டைக்குத் தயாராகக் கேட்டார். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏன் பெரியவரே தனியாரு? மெட்ராஸ் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயே இந்தக் கார்டுல பண்ணிக்கலாம். இன்சூரன்ஸ் காசு அந்த ஆஸ்பத்திரிக்கே போயிடும்."

பத்தொன்பது வருஷ விவாதத்தை ஒரு மனுஷர் பேனாவைக் கீழே வைக்காமல் முடித்துவிட்டார். இருவரும் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் கண்டக்டர், "அப்ப நான் சொன்னதுதானே நடந்திருக்கு?" என்றார். "நான் சொன்னது" என்றார் மாமா. எந்த வருஷம் யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை, திண்டிவனம் வரைக்கும் சண்டை போட மட்டும் செய்தார்கள்.

ஆக, சென்னை டாக்டர்கள் பார்த்தாகிவிட்டது. கார்டில் அனுமதி வந்தாகிவிட்டது. ஈஸ்டர் கழித்துத் தேதி தருகிறோம் என்றிருக்கிறார்கள். நானும் உங்கள் தம்பியும் மாறி மாறித் துணைக்கு இருப்போம். கடையைப் பிரின்சி பார்த்துக்கொள்வாள். ரத்தம் கொடுக்கப் பங்கு இளைஞர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தாயிற்று. ஆகவே நீங்கள் வர வேண்டாம். அண்ணன் லீவு போட்டாலும் சரி, "நான் போறேன், நீ இரு" என்று சொன்னாலும் சரி, அவரும் வர வேண்டாம். ஃபைலில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆபரேஷன் முடிந்து மாமா வீட்டுக்கு வந்து, தையல் பிரித்து, சாவகாசமாக மே மாத லீவில் வந்தால் போதும். அதுவரை வர வேண்டாம்.

அத்தை உங்கள் மூவருக்கும் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பச் சொன்னார், போட்டுவிட்டேன். மாமா, "மேரியை யாருக்கும் மார்க்கைக் குறைக்க வேணாம்னு சொல்லு" என்றார். பிரகாஷை மாமன் மகள் பிரின்சி விசாரித்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். வேளாங்கண்ணி மாதா உங்கள் வீட்டைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி மனைவி,
அக்னஸ் சின்னப்பராஜ்

பின்குறிப்பு, திங்கள் மதியம்: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சென்னையிலிருந்து போன். யாருக்கோ ஆபரேஷன் தள்ளிப்போனதால் மாமாவை முன்னால் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அட்மிஷன், அடுத்த திங்கள் காலை ஆபரேஷன். மாமாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். ஏன், எதற்கு, யாரைக் கேட்டு என்று ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்து கண்டக்டர் வீட்டுக்கே வந்து, எதிரில் நாற்காலி போட்டு, இந்தத் திட்டம் ஓட்டுக்கு வந்தது, ஏமாற்று வேலை, உன் கட்சிக்குப் புத்தியில்லை என்று வேண்டுமென்றே அடுக்கினார். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுதான் சரி பாண்டு" என்றார். கண்டக்டர் எழுந்து அடுப்படிக்கு வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் சொல்றது சரின்றாம்மா அவன்" என்றார்.  பிறகு, "மேரியை வரச் சொல்லு" என்றார்.

போன் பண்ணலாம் என்று எடுத்தேன். பண்ணினால் இந்த முறை முதலில் அழப்போவது நான். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்குள் கிடைத்துவிடும். மேலே நாலு இடத்தில் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். நாலையும் அடித்துவிடுங்கள், அண்ணி. ஃபைல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போன் வந்ததிலிருந்து அதை மூன்று முறை பிரித்துப் பிரித்து அடுக்கிவிட்டேன். லீவு கொடுக்காவிட்டால் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். வியாழக்கிழமைக்குள் வந்து, வந்ததும் வராததுமாக மாமாவிடம் எதையாவது தப்பாகச் சொல்லுங்கள்.